ஊர் என்பது மண்ணா, மனிதரா?

நோர்வேயின் வடகிழக்கு மூலையில், வராங்கர் பியோர்ட் கரையில் இருக்கிறது பூகொய்னெஸ் என்னும் மீனவக் கிராமம். அங்கு செல்வோர் முதலில் காண்பது பழைய மரவீடுகளை. 1944இல் பின்வாங்கிய ஜெர்மன் படையினர் பின்மார்க் மாவட்டத்தை ஏறக்குறைய முழுவதுமாக எரித்தபோது தப்பிய மிகச் சில ஊர்களில் இதுவும் ஒன்று.

ஆனால் 1987இல் மீன் தொழிற்சாலை முறிந்தது. 1989இல் ஊரார் 'டாக்பிளாடே' பத்திரிகையில் விளம்பரம் செய்தனர்: சுமார் 300 பேரும் ஒன்றாகக் குடியேற இடம் தருவோர் உண்டா?

மண்தான் ஊர் எனில் அவர்கள் ஊரைக் கைவிடத் துணிந்தவர்கள். மனிதர்தான் ஊர் எனில் அதைக் காக்க முனைந்தவர்கள். நான் இரண்டாவது பக்கமே நிற்பேன். உழைக்கக்கூடியவர்கள் தனித்தனியே போய்ப் பிழைத்திருக்கலாம். விளம்பரம் அதைக் கேட்கவில்லை. நடக்க மாட்டாத கிழவியும் அந்தக் கணக்கில் அடங்கினாள்.

முடிவில் ஊர் இடம்பெயரவில்லை. 1960களில் சோவியத் விஞ்ஞானிகள் பேரன்ட்ஸ் கடலில் விட்ட இராட்சத நண்டு பரவி வந்து வலைகளைக் கிழித்தது. பின்னர் அதுவே தொழிலானது. (அதுவும் எம்மைப் போல வந்தேறிதான்!)

அதே பின்மார்க்கின் மீன் தொழிற்சாலைகளில் அன்று எம்மவர் பலர் வேலை செய்தனர். வீட்டுக்கு ஒருவர், இருவராக, பெற்றோரைப் படலையடியில் நிறுத்திவிட்டு வந்தவர்கள். போர் அவகாசம் தரவில்லை என்பது உண்மை. போர் முடிந்தது 2009இல். படலையடியில் நின்றவர்களை நாம் இன்னும் எந்தக் கணக்கில் வைத்திருக்கிறோம்?