முதுமையில் மாறும் கித்மத்

"வாப்பாவுக்கு மாதம் தவறாமல் பணம் அனுப்புகிறோம். உம்மாவுக்குத் துணைக்கு ஒரு பெண்ணையும் வைத்திருக்கிறோம். இதற்கு மேல் நம்மீது என்ன கடமை?" என்று கேட்கும் சகோதரர்கள் பலர். பத்து வருடங்களுக்கு முன் கேட்டிருந்தால், நாமும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டோம். அன்று வாப்பா பாங்கு சப்தம் கேட்டதும் தாமே பள்ளிக்கு நடந்தார். உம்மா தம் கையால் சோறாக்கினார். தேவைப்பட்டது பணம்தான். இன்று ஒளு செய்யத் தண்ணீர் மொண்டு ஊற்றவும், இரவில் கைபிடித்து எழுப்பவும் ஆள் வேண்டும். மணியார்டர் அனுப்பிய காலத்துப் பழக்கத்தை வங்கிக் கணக்கில் தொடர்ந்து விட்டால் அது நிறைவேறுமா?

திருக்குர்ஆனின் பனீ இஸ்ராயீல் அத்தியாயத்தில் (17:23) தன்னையே வணங்க வேண்டுமென்று கட்டளையிட்ட அல்லாஹுத்தஆலா, அதே வசனத்தில் பெற்றோரைப் பற்றிப் பேசுகிறான். அவர்கள் முதுமையை அடையும்போது சலிப்பின் சிறு சொல்லும் கூடாதென்கிறான். பெற்றோருக்கு மரியாதை எல்லா வயதிலும் உண்டுதானே, முதுமையைத் தனியே குறிப்பானேன்? நம் பொறுமை சோதிக்கப்படுவது அப்போதுதான் என்று தப்ஸீர்களில் விளக்கம் காண்கிறோம். இந்நாட்டில் 2007-ஆம் ஆண்டில் வந்த பெற்றோர் பராமரிப்புச் சட்டம், கவனிக்காத பிள்ளைகளிடமிருந்து தீர்ப்பாயத்தின் வழியே மாதப் பணம் வாங்கித் தரும். நல்லதுதான். ஆனால் பிள்ளை முகம் சுளிப்பதை எந்தத் தீர்ப்பாயம் விசாரிக்கும்?

இதைவிடச் சிக்கலான கேள்வி ஒன்று உண்டு. அவர்கள் சொல்வதே அவர்களுக்குக் கேடானால் கீழ்ப்படிவதா, மறுப்பதா?

நாம் அறிந்த ஒரு வீட்டில் உம்மாவுக்கு நீரிழிவு. தினமும் இன்சுலின் ஊசி. நோன்பு நோற்றால் உயிருக்கு ஆபத்து என்று டாக்டர் சொல்லி விட்டார். "பருவமடைந்த நாள் முதல் ஒரு ரமலானையும் நான் விட்டதில்லை" என்று உம்மா பிடிவாதம் பிடித்தார். உம்மா சொல்லைத் தட்டக் கூடாதென்றார் மூத்த மகன். மகளோ, ஸஹர் நேரம் முடிந்து விட்டதென்று பொய் சொல்லிப் படுக்க வைத்தாள். இரண்டும் தவறென்றே நாம் கருதுகிறோம். முதலாவது, மார்க்கம் தந்த சலுகையை உம்மாவுக்கு மறைக்கிறது. இரண்டாவது, உம்மாவைக் குழந்தையாக்கி விடுகிறது. உம்மாவின் பொறுப்பை நாம் ஏற்கலாம். அவரது மதிப்பை நாம் எடுத்துக் கொள்ள முடியாது.

வழி கண்டவர் மருமகள். பள்ளிவாசல் ஹஜ்ரத்தை வீட்டுக்கு வரவழைத்து, நோன்புக்குப் பகரமாக நாளொன்றுக்கு ஓர் ஏழைக்கு உணவளிக்கும் பித்யாவைப் பற்றித் திரைக்கு அப்பாலிருந்து எடுத்துச் சொல்லச் செய்தார். பிறகு அரிசி மூட்டையை உம்மாவின் முன்னே அவிழ்த்து வைத்தார். உம்மா தம் கையாலேயே தினமும் அளந்து கொடுத்தார். ரமலான் அவர் கையை விட்டுப் போகவில்லை.

அறிவு மங்கும் முதுமை இன்னும் கடினம். அறிவு நீங்கியவர் மீது தொழுகை கடமையில்லை என்பது ஆலிம்களின் தீர்ப்பு. கடமை நீங்கியது அவருக்குத்தான், நமக்கல்ல.

வேறொரு வீட்டில் வாப்பா இரவு பலமுறை "இஷா தொழுதேனா?" என்று கேட்பார். தொழுதிருப்பார். "எத்தனை தடவை சொல்வது!" என்று முதலில் மகன் எரிந்து விழுந்தார், அதை அவரே வெட்கத்துடன் நம்மிடம் சொன்னார். இப்போது அவர் சொல்லும் பதில் வேறு: "தொழுதிட்டீங்க வாப்பா. இன்னும் ரெண்டு ரக்அத் தொழ ஆசையா இருந்தா வாங்க, ஒளுவுக்குத் தண்ணி ஊத்துறேன்." பொய்யுமில்லை, சலிப்புமில்லை. (அஸருக்குப் பின் இப்படிக் கேட்டால் மஸ்அலா வேறு, ஆலிம்களிடம் கேட்டுக் கொள்ளவும்.)

சில இரவுகளில் வாப்பா எழுந்து வருகிறார். சில இரவுகளில் "அப்படியா, சரி" என்று படுத்து விடுகிறார். அரை மணி கழித்து மறுபடியும் கேட்கிறார். மகன் முஸல்லாவை இன்னும் மடித்து வைக்கவில்லை.