விலை கொடுத்தபின் எஞ்சும் கடன்

உணவகம் ஒன்றில் உண்டு, அதற்குரிய விலையையும் கொடுத்துவிட்டால், அதன்பின் நாம் எவருக்கும் கடன்பட்டவர் அல்லர் என்று கொள்ளலாமா? எளிய கேள்விதான். ஆயினும் நம் அறவாழ்வின் ஆழமான இடமொன்றை அது தொடுகிறது.

புனித சவேரியாரின் திருவுடலைத் தரிசிக்க 2024 டிசம்பரில் பழைய கோவாவுக்குச் சென்றிருந்தோம். உடன் வந்த நண்பர் கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தில் தொழிற்சாலை ஒன்றின் மேற்பார்வையாளர். புறப்படும் நாளன்று, போர்த்துக்கீசிய முறையில் மீன் சமைக்கும் உணவகம் ஒன்றுக்கு நம்மை அழைத்துச் சென்றார். மிளகாய், பூண்டு, வினிகர் சேர்த்து அரைத்த விழுதைக் கானாங்கெளுத்தியின் வயிற்றில் திணித்துப் பொரித்திருந்தார்கள். 'ரெஷியாடோ' என்பது அதன் பெயர். திணிக்கப்பட்டது என்பது பொருள். வயிறும் மனமும் நிறைந்தன. பணத்தைச் செலுத்திய நண்பர், "கணக்கு தீர்ந்தது ஃபாதர், இனி யாருக்கும் பாக்கி இல்லை" என்றார்.

வணிக நீதியின்படி அவர் சொன்னது சரியே. ஆனால் நாம் அமர்ந்திருந்த மேசையைச் சற்று உற்றுநோக்குவோம். 'மேசை' என்னும் சொல்லே போர்த்துக்கீசிய மொழி நமக்குத் தந்தது. சாவி, சன்னல், அலமாரி, பாதிரி ஆகியனவும் அவ்வாறே. மிளகாயோ அமெரிக்கக் கண்டத்துப் பழங்குடிகள் பல்லாயிரம் ஆண்டுகள் பயிரிட்டுப் பேணியது. போர்த்துக்கீசியக் கப்பல்கள் அதை நம் கரைக்குக் கொண்டுவந்தன. பீரங்கியையும் அவையே கொண்டுவந்தன என்பதை மறப்பதற்கில்லை. இத்தனை பேருடைய உழைப்பும் துயரும் கலந்த ஓர் உணவுக்கு எந்த ரசீது கணக்குத் தீர்க்கும்?

புனித தாமஸ் அக்குவினாஸ் கடனை இருவகையாகப் பிரித்துக் காட்டுகிறார். ஒன்று சட்டக் கடன், மற்றொன்று அறக்கடன். நன்றியுணர்வு இரண்டாவதைச் சார்ந்தது. அது நீதி என்னும் நற்பண்போடு இணைந்தது என்பார் அவர். பணம் முதற்கடனை அடைக்கிறது. இரண்டாவதை மனிதன் சுமந்துகொண்டே எழுகிறான்.

அவ்வாறெனில் நன்றி சொல்லிவிட்டால் போதுமா? போதாது. நியாயமான கூலி தராமல் நன்றி மட்டும் சொல்வது போலிப் பக்தி. கூலியைப் பற்றி இருவர் உடன்பட்டுவிட்டதாலேயே அது நீதியாகிவிடாது என்று திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1891 ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்தார். பிகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து நம் தொழிற்பேட்டைகளில் உழைக்கும் ஒப்பந்தத் தொழிலாளரை இவ்விடத்தில் நினையாதிருக்க இயலவில்லை. பேசிய கூலியைக் கொடுத்தாயிற்று என்ற சொல்லும், சாப்பிட்டதற்குப் பணம் கொடுத்தாயிற்று என்ற சொல்லும் ஒரே வேரிலிருந்து எழுபவை.

நம் திருவள்ளூர் மாவட்டத்துப் பழவேற்காட்டுக்கும் போர்த்துக்கீசியர் வந்தனர். அங்குள்ள மகிமை மாதா ஆலயம் 1515 ஆம் ஆண்டு அவர்கள் எழுப்பியதாகப் போற்றப்படுகிறது. அவ்வூர் ஏரியில் இறால் பிடிக்கும் மீனவரிடையே 'பாடு' என்றொரு வழக்கம் உண்டு. எவர் எந்த நாளில் எவ்விடத்தில் வலை கட்டுவது என்பதை முறைவைத்துப் பகிர்ந்துகொள்வார்கள். வலியவன் ஒருவனே நீரை வாரிக்கொள்ள இயலாது. பாட்டில் உரிமை இல்லாத பிறரும் அக்கரையில் வாழ்கின்றனர் என்பதும் உண்மை. எந்தப் பந்தியும் எவரையோ வெளியே நிறுத்துகிறது. தொலைதூர மேசைகளுக்கென நம் கரையோரங்களில் பெருகிய இறால் பண்ணைகளும் அவ்வாறே செய்தன. உப்பேறிய வயல்களுக்காகவும் கெட்டுப்போன குடிநீருக்காகவும் சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் அப்பண்ணைகளுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. இறாலை உண்டவர்கள் விலை கொடுத்தே உண்டார்கள். அவ்விலையில் அந்த வயல்கள் சேரவில்லை.

உயிர்த்த ஆண்டவர் திபேரியாக் கடலோரத்தில் அளித்த காலையுணவை யோவான் நற்செய்தியின் இறுதி அதிகாரத்தில் காண்கிறோம். கரிநெருப்பின்மேல் மீன் ஏற்கெனவே இருந்தது, அப்பமும் இருந்தது. ஆயினும் சீடர்கள் பிடித்த மீன்களிலும் சிலவற்றைக் கொண்டுவரச் சொல்கிறார். அவர்களது உழைப்பு அவருக்குத் தேவைப்படவில்லை. எனினும் அதை அவர் தம் விருந்தில் சேர்த்துக்கொண்டார். இரவெல்லாம் வலை இழுத்தவர்களே அங்கு விருந்தினர். நம் மேசைகளிலோ வலை இழுத்தவருக்கு இடமில்லை.

இதனால் நண்பரோடு மகிழ்ந்து உண்பது தவறென்று ஆகிவிடாது. பாவிகளோடு உண்டதால் பெருந்தீனிக்காரர் என்று பழிக்கப்பட்டவர் நம் ஆண்டவர். நாம் பேசும் கடன் மகிழ்ச்சியைக் கெடுக்கும் பாரமன்று. முகம் தெரியாத மனிதரோடு நம்மைப் பிணைக்கும் உறவு. அந்த உறவை உணர்ந்தவர், வாசலில் கூடையை இறக்கி வைக்கும் மீன்காரப் பெண்ணிடம் பத்து ரூபாய்க்காக வாதிடுமுன் ஒரு கணம் தயங்குவார். உண்ணுமுன் நாம் சொல்லும் செபத்தில் அவள் பெயரும் இடம்பெறட்டும். பெயர் தெரியாதெனில், அடுத்த முறை வரும்போது கேட்டறிவோம்.