செபக் குறிப்பேடும் மனச்சான்றும்

எல்லாவற்றையும் அறிந்த ஒருவருக்கு எதனையேனும் எழுதி அறிவிக்க வேண்டிய தேவை என்ன? கிறிஸ்தவ உலகில் தன்வரலாற்று எழுத்தின் முதல்நூலாகக் கொள்ளப்படும் 'ஒப்புதல்கள்' என்னும் நூலை நான்காம் நூற்றாண்டின் இறுதியில் எழுதத் தொடங்கிய புனித அகுஸ்தீனார் இவ்வினாவைத் தாமே எழுப்பினார். கடவுள் அறியாத செய்தி எதுவும் தம் நூலில் இல்லை என்பதை ஒப்புக்கொண்ட அவர், எழுதுவதனால் பயன்பெறுவோர் எழுதுபவனும் வாசிப்பவருமே என்று அமைதி கண்டார்.

இவ்விடை அகுஸ்தீனாருடைய நூலுக்குப் பொருந்துவதாயினும், பிற்காலத்திலே தோன்றிய செபக் குறிப்பேட்டுக்கு முற்றாகப் பொருந்துவதன்று. அகுஸ்தீனார் கடந்துவிட்ட வாழ்க்கையை ஒரு முடிபிலே நின்று திரும்பிப் பார்த்தார். செபக் குறிப்பேடோ அன்றன்று, நாளை நிகழப்போவதை அறியாமல், பெரும்பாலும் பிறர் வாசிக்கக் கூடாதென்ற எண்ணத்துடன் எழுதப்படுவது. இறைவன் முன்னிலையில் தன்னைத் தானே இழித்துரைத்தல் தமிழ் வாசகருக்குப் புதியதன்று. திருவாசகம் ஒன்றே போதிய சான்றாகும். ஆயின் மாணிக்கவாசகரின் இழித்துரைக்குத் திகதி கிடையாது. அதனைப் பாடும் எவரும் அதனைத் தமதாக்கிக்கொள்ளலாம். திகதியிட்ட ஏட்டிலுள்ள பாவமோ ஒரு மனிதனுக்கும் ஒரு நாளுக்குமே உரியது. வேறெவரும் அதனை எடுத்துப் பாட முடியாது. இத்தனித்தன்மையே செபக் குறிப்பேட்டின் வலிமை. அதன் இடரும் இதிலிருந்தே பிறக்கிறது.

இவ்வழக்கம் ஒரு கணக்கு முறையாக வளர்ந்தமை மனங்கொள்ளத்தக்கது. 1548ஆம் ஆண்டில் பாப்பரசரின் அங்கீகாரம் பெற்ற லொயோலா இஞ்ஞாசியாரின் 'ஆன்மீகப் பயிற்சிகள்', விலக்க விரும்பும் குறையொன்றைத் தெரிந்தெடுத்து, நாளொன்றுக்கு இரு கோடுகள் வரைந்து, அக்குறை நேர்ந்த தடவைகளைப் புள்ளிகளாக இடும்படி கூறுகிறது. மாலைக் கோடு நண்பகற் கோட்டோடும், இவ்வாரம் சென்ற வாரத்தோடும் ஒப்பிடப்பட வேண்டும். அவர் தமக்கென எழுதிய குறிப்புகளில் 1544 பெப்ரவரி முதல் ஓராண்டு காலத்துக்குரியவை எஞ்சியுள்ளன. திருப்பலியின்போது கண்ணீர் வந்ததா இல்லையா என்பதையும் அவர் அவற்றில் நாள்தோறும் பதிந்தார். குருவிடம் பாவசங்கீர்த்தனம் செய்யும் வழக்கைக் கைவிட்ட ஆங்கிலப் பியூரிற்றன்களிடையே இக்குறிப்பேடு இன்னும் கூடிய முக்கியத்துவம் பெற்றது. குருவின் செவிக்குப் பதிலாகத் தாள் வந்தது எனலாம். பாவம், சோதனை, அருள் ஆகியவற்றை நிரற்படுத்திய இந்த 'ஆன்மீகக் கணக்கேட்டை' மக்ஸ் வெபர் தமது புரட்டஸ்தாந்து அறநெறி பற்றிய ஆய்வில் சிறப்பாகக் கவனித்தார். அம்மரபின் பிற்கால வாரிசாகிய பெஞ்சமின் பிராங்கிளின் பதின்மூன்று நற்குணங்களை அட்டவணையிட்டுக் கறுப்புப் புள்ளிகளால் தம் தவறுகளைக் குறித்துவந்தார். அப்பதின்மூன்றில் நீதியும் ஒன்று. எனினும் அவர் நீண்டகாலம் அடிமைகளை வைத்திருந்ததோடு, தமது பத்திரிகையில் அடிமை விற்பனை விளம்பரங்களையும் வெளியிட்டார். நீதிக்கு ஒரு நிரல் ஒதுக்கியிருந்தமை மட்டும் அவரைத் தடுக்கவில்லை.

பிராங்கிளினைக் கடவுட்பற்றுக் குறைந்தவர் என்று கூறி ஒதுக்கிவிடலாம். அவ்வாறு ஒதுக்கிவிட முடியாத ஒருவர் ஜோன் நியூற்றன்.

1748 மார்ச்சிலே அத்திலாந்திக் புயலொன்றில் சிக்கிய கப்பலில் நியூற்றனின் மனமாற்றம் தொடங்கியது. 'அமேசிங் கிறேஸ்' என்னும் உலகறிந்த பாடலின் ஆசிரியரும் அவரே. புயலில் மனந்திரும்பியவர் உடனே அடிமை வாணிகத்தைக் கைவிட்டார் என்று பிரசங்கங்களிலே கூறப்படுவதுண்டு. வரலாறு அவ்வாறன்று. மனமாற்றத்துக்குப் பின்னரே அவர் தலைமை மாலுமியானார்; 1750க்கும் 1754க்கும் இடையில் லிவர்பூலிலிருந்து மூன்று அடிமை வாணிகப் பயணங்களை நடத்தினார். அக்காலத்தில் அவர் எழுதியவை இரண்டு. ஒன்று கப்பற் குறிப்பேடு. மற்றையது 1751இன் இறுதியில் அவர் தொடங்கிய ஆன்மீக நாட்குறிப்பு. ஒரே மனிதர், ஒரே கப்பலில், ஒரே பேனாவினால் இரண்டையும் எழுதினார்.

கப்பற் குறிப்பேட்டிலே காற்றின் திசை, வாங்கப்பட்ட பொருள்கள், வாங்கப்பட்ட மனிதர்கள், நோயினால் இறந்து கடலிலிடப்பட்டவர்கள் என எல்லாம் ஒரே தொனியில் வருகின்றன. இறந்தவர்கள் இலக்கங்களாலே குறிக்கப்படுகின்றனர்; பெயர்கள் இல்லை. ஆன்மீக நாட்குறிப்பிலோ செபத்திலே சோர்வு, சிந்தை சிதறுதல், நன்றியின்மை, ஓய்வுநாளை முறையாகக் காக்கும் விருப்பம் ஆகியன மிகுந்த நுணுக்கத்தோடு ஆராயப்படுகின்றன. கப்பற் பணியாளரைக் கூட்டி ஞாயிறுதோறும் வழிபாடு நடத்தியவர் அவர். தளத்தின் கீழே விலங்கிடப்பட்டுக் கிடந்தோர் அந்த ஆராய்ச்சியில் பாவத்திற்குக் காரணமாக இடம்பெறவில்லை.

இரு ஏடுகளும் ஒன்றையொன்று அறியாதிருந்தன என்று முடிவுகட்டுவதும் எளிது; ஆனால் அது உண்மையன்று. 1752 டிசம்பரில் அடிமைகள் கலகம் செய்யத் திட்டமிட்டமை வெளிப்பட்டது. அதனை உரிய வேளையில் கண்டறிந்தமைக்குத் தெய்வ அருளே காரணம் என்று நியூற்றன் கப்பற் குறிப்பேட்டில் எழுதினார். முழுவதையும் ஒப்புக்கொள்ளச் செய்யும் பொருட்டுச் சிறுவர்களின் பெருவிரல்களைத் திருகுகருவியில் இட்டதையும் அதேயிடத்தில் பதிந்தார். கடவுளின் பெயர் அந்த ஏட்டிலும் இருந்தது. அது கப்பற்றலைவனின் பாதுகாப்புக்கு நன்றி கூறுவதற்காக இருந்தது. தம் உள்ளத்தின் ஒப்புதலை ஓர் ஏட்டிலே நாள்தோறும் எழுதிய ஒருவர், பிறருடைய ஒப்புதலைக் கருவி கொண்டு வருவித்ததை மற்றோர் ஏட்டிலே எழுதியபோது அச்சொல் அவரைத் தடுமாறச் செய்யவில்லை.

இதனைப் பாசாங்கு என்பது பொருந்தாது. பாசாங்குக்காரன் தான் மறைப்பதை அறிந்திருப்பான். நியூற்றன் நேர்மையாகவே எழுதினார். அத்தொழிலின் நியாயத்தைப் பற்றி அக்காலத்தில் தமக்கு எவ்வித ஐயமும் எழவில்லை என்பதை 1764இல் வெளிவந்த தன்வரலாற்றுக் கடிதங்களில் அவரே கூறினார். சங்கிலிகளோடும் விலங்குகளோடும் பழகும் தொழில் சில வேளைகளில் தமக்கு அதிர்ச்சியளித்ததென்றும், மனிதத்தன்மை மிக்க வேறொரு தொழிலைத் தருமாறு வேண்டியதாகவும் அவர் எழுதியுள்ளார். இவ்வேண்டுதலின் அமைப்பு கூர்ந்து நோக்கத்தக்கது. அதில் துன்புறுபவர் நியூற்றன்; விடுவிக்க வேண்டியவர் கடவுள். விலங்கு எவருடைய காலில் இருந்தது என்பது வேண்டுதலின் எழுவாயாக அமையவில்லை.

இலக்கண மொழியிற் கூறுவதாயின், செபக் குறிப்பேடு தன்மையும் முன்னிலையும் மட்டுமே வழங்கும் இடம். 'நான்' பேசுகிறேன், 'நீர்' கேட்கிறீர். படர்க்கைக்கு அங்கே இயல்பான இருக்கை இல்லை. பிறர் வருவாராயின் பரிந்துபேசப்படும் நோயாளியாகவோ மன்னிக்கப்பட வேண்டிய எதிரியாகவோ வருவர். எழுதுபவனாற் காயப்பட்டவராக, தமக்கென ஒரு முறைப்பாடு உடையவராக வருவது அரிது. காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் மனத்தாங்கல் கொண்ட சகோதரனிடம் போகும்படி மலைப்பொழிவு பணிக்கிறது. குறிப்பேட்டை விட்டெழுந்து செல்ல வேண்டிய கட்டளை அது. குறிப்பேடோ எழுதுபவனை நாற்காலியிலேயே இருத்திவிடும் ஆற்றல் உடையது. மனம் நொந்து எழுதி முடித்ததும் கடன் தீர்ந்தது போன்ற ஓர் ஆறுதலையும் அது தருகிறது.

எனினும் குறிப்பேடு இவ்வாறுதான் இயங்கவேண்டும் என்பதில்லை. நியூற்றனின் சமகாலத்தவரும், அமெரிக்காவின் நியூ ஜேர்சியில் வாழ்ந்த குவேக்கருமாகிய ஜோன் வூல்மன் தமது முப்பத்தாறாம் வயதில், 1756இல், தம் ஆன்மீகக் குறிப்புகளை எழுதத் தொடங்கினார். இளவயதில் அவர் ஒரு கடையிலே பணிபுரிந்தபோது, தொழில்தருநர் தமக்குரிய நீக்ரோப் பெண்ணொருத்தியை விற்று, விற்பனைப் பத்திரத்தை எழுதும்படி அவரைப் பணித்தார். வாங்குபவர் காத்திருந்தார். வூல்மன் மனத்திடை வருத்தத்துடன் எழுதிக்கொடுத்தார். அடிமைகளை வைத்திருப்பது கிறிஸ்தவ சமயத்துக்கு ஒவ்வாதது எனத் தாம் கருதுவதையும் இருவர் முன்னிலையில் கூறினார். கூறியதனால் மனச்சுமை ஓரளவு குறைந்ததாம். ஆயினும் அவர் அந்த ஆறுதலோடு நிற்கவில்லை. அப்பணியிலிருந்து தம்மை விலக்கும்படி கேட்டிருந்தால் தம் மனச்சான்று இன்னும் தெளிவாக இருந்திருக்கும் எனப் பின்னர் எண்ணியதைக் குறித்தார். மற்றோர் இளைஞர் அதுபோன்ற பத்திரமொன்றை எழுதக் கேட்டபோது மறுத்தார். அடிமைகளைப் பிள்ளைகளுக்கு விட்டுச்செல்லும் மரணசாசனங்களை எழுதவும் மறுத்தார். அம்மறுப்பு உரையாடலாக வளர்ந்து விடுதலையில் முடிந்த சந்தர்ப்பங்களையும் அவரது நூல் பதிந்துள்ளது.

வூல்மனின் மேன்மை அவர் குற்றமற்றவராக இருந்ததில் இல்லை. பத்திரத்தை எழுதியவர் அவரே, அப்பெண் விற்கப்பட்டாள். விற்பனைப் பத்திரமும் செபக் குறிப்பும் ஒரே கையால் எழுதப்பட்டவை என்பதைத் தம் குறிப்பேடு மறக்கவிடாதவாறு அவர் செய்தார். அங்கே மனச்சங்கடம் நீக்கப்பட வேண்டிய நோயாகக் கொள்ளப்படாமல், ஒருவரிடம் சென்று பேசவேண்டும் என்பதற்கான அறிகுறியாகக் கொள்ளப்பட்டது.

இங்கு எழக்கூடிய தடை ஒன்று வலுவானது. குவேக்கரிடையே அடிமைமுறைக்கு எதிரான குரல் 1688இலேயே ஜேர்மன்ரவுனில் எழுந்துவிட்டது. வூல்மன் கேட்ட குரல்களை நியூற்றன் கேட்கவில்லை. ஆகவே வேறுபாடு சமூகச் சூழலிலேயே உள்ளது, குறிப்பேட்டில் இல்லை என வாதிடலாம். பெருமளவுக்கு இது உண்மை. குறிப்பேடு தானே அறவறிவை உற்பத்தி செய்வதில்லை. ஒரு சமூகம் பாவமெனப் பெயரிட்டதையே அது முதலிற் காண்கிறது. ஆனால் 1688க்குப் பின்னரும் குவேக்கர் பலர் பல்லாண்டுகள் அடிமைகளை வைத்திருந்தனர். பிலதெல்பியா ஆண்டுக் கூட்டம் அடிமை உடைமையாளரைச் சந்தித்துப் பேசக் குழுவொன்றை அனுப்பியது 1758இலேயாகும். உறுப்பினர் அடிமை வைத்திருத்தலை அது முற்றாகத் தடைசெய்தது 1776இல். வூல்மன் கேட்ட குரலை அவர்களும் கேட்டிருந்தனர். ஆகவே கேட்டல் மட்டும் போதியதன்று. கேட்டது ஓரிடத்தில் தங்கி உறுத்திக்கொண்டிருக்க வேண்டும். வூல்மனின் குறிப்பேடு அத்தகைய இடமாயிற்று.

மறுபுறத்தில், பிறரைப் பற்றிய மௌனம் எப்போதும் குருட்டுத்தன்மையாகாது. ஐக்கிய நாடுகள் சபையின் செயலாளர் நாயகமாயிருந்து 1961 செப்டெம்பரில் விமான விபத்தில் இறந்த டாக் ஹமர்ஷெல்டின் குறிப்புகள் அவரது நியூயோர்க் இல்லத்திற் கண்டெடுக்கப்பட்டு 1963இல் சுவீடிய மொழியில் வெளிவந்தன. தம்மோடும் கடவுளோடும் தாம் நடத்திய பேச்சுவார்த்தைகளின் பதிவு என அவரே அவற்றை ஒரு கடிதத்தில் விவரித்திருந்தார். சுயஸ் நெருக்கடியும் கொங்கோவும் அவற்றில் நேரடியாகப் பேசப்படவில்லை. சுவீடனிலே சிலர் அதனைத் தற்பெருமை மிக்க நூலெனவும் கண்டித்தனர். அக்கண்டனம் அவசரமானது. அவருடைய பகற்பொழுதுகள் படர்க்கையாருக்கே செலவாகின. அதன் பதிவு ஐக்கிய நாடுகள் சபையின் ஆவணங்களில் உள்ளது. செபக் குறிப்பேட்டை அதன் பக்கங்களை மட்டும் கொண்டு மதிப்பிட முடியாது. அதே ஆண்டுகளில் அதே கை எழுதிய ஏனைய ஏடுகளையும் அருகில் விரித்துவைக்க வேண்டியிருக்கிறது.

நியூற்றனுக்கு அவ்வாறு விரித்துவைக்கும் நாள் பிந்தியே வந்தது. உடல்நலக் குறைவினால் 1754இல் கடற்றொழிலை விட்டு, 1764இல் குருப்பட்டம் பெற்ற அவர், 1788இல் ஆபிரிக்க அடிமை வாணிகம் பற்றிய தமது சிறுநூலை வெளியிட்டார். அதன் செய்திகள் ஆன்மீக நாட்குறிப்பிலிருந்து வந்தவையல்ல; கப்பற் குறிப்பேட்டு உலகைச் சேர்ந்தவை: அடித்தளத்தின் உயரம், தட்டுகளிலே நெருக்கி அடுக்கப்பட்ட உடல்கள், காலையிலே உயிருள்ளவரோடு பிணைக்கப்பட்டுக் கிடந்த பிணம். முதன்முறையாக இவை பாவ அறிக்கையின் பொருளாயின. அவ்வறிக்கை இம்முறை பகிரங்கமாகவே செய்யப்பட்டது. எவ்வளவு உண்மையானதாயினும் அது தாம் பங்குகொண்ட தீமையைத் தடுக்கவோ திருத்தவோ முடியாதவாறு காலந்தாழ்த்தி வருவதை நியூற்றன் மறைக்கவில்லை. இறந்தவர்களை அவர் இலக்கங்களாகவே எழுதிவைத்திருந்தார். அந்த இலக்கங்களுக்குரிய பெயர்களைத் தருவது 1788இல் அவருக்கும் இயலாததாயிருந்தது.