சாலை இல்லாத உள்நாடு

பெண் விடுதலையை ஒரே படத்தில் காட்டச் சொன்னால், இன்று பலரும் ஸ்டீயரிங் பிடித்த ஒரு பெண்ணைத்தான் காட்டுவார்கள். தனியாகக் காரோட்டிப் போகிறாள், ஜன்னல் திறந்திருக்கிறது, மலைப்பாதை. எனக்கும் அந்தப் படம் பிடிக்கும். வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ளவே வீட்டில் அப்பா, அண்ணன், கணவன் என்று வரிசையாகக் கேட்டு நின்ற தலைமுறை என்னுடையது. இந்தியப் பெருங்கடலின் ரீயூனியன் தீவில் ஒரு வாரத்துக்குச் சிறிய கார் ஒன்றை வாடகைக்கு எடுத்துச் சாவியை வாங்கியபோது உண்டான பெருமிதத்தை மறைக்க மாட்டேன். ஆனால் அந்தப் பெருமிதத்துக்கு விடுதலை என்று பெயர் வைக்கலாமா என்ற சந்தேகத்தை அந்தத் தீவின் உள்நாடுதான் கிளப்பிவிட்டது.

1946 முதல் ரீயூனியன் பிரான்சின் ஒரு மாவட்டம். பெரிய ஊர்களும் கரும்பு வயல்களும் பெரும்பாலும் கடலோரத்தில். நடுவில் 3,000 மீட்டருக்கும் மேல் உயர்ந்த அணைந்த எரிமலை. அதைச் சுற்றிச் சிலாவோஸ், சலாசி, மஃபாத் என்று மூன்று பெரும் மலைக்கிண்ணங்கள். சிலாவோஸ் சாலையில் நானூறுக்கு மேல் வளைவுகள் என்பார்கள். நான் எண்ணவில்லை. ஒரு வண்டி மட்டுமே நுழையக்கூடிய சுரங்கத்தின் வாயில் நின்று, எதிரே பேருந்து வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பவளுக்கு எண்ணிக்கை எதற்கு?

இந்த உள்நாட்டில் முதலில் குடியேறியவர்கள் அடிமைகள். மடகாஸ்கரிலிருந்தும் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் பிடித்துவரப்பட்டு, கடலோரத் தோட்டங்களிலிருந்து தப்பி மேலே ஏறியவர்கள். மஃபாத் என்பதே அப்படித் தப்பிய ஒரு தலைவனின் பெயர். 1723இன் அடிமைச் சட்டம், முதல்முறை ஓடியவரின் காதை அறுத்துத் தோளில் சூடு போடச் சொன்னது. இரண்டாம் முறை ஓடினால் காலின் பின்நரம்பை வெட்டச் சொன்னது. மூன்றாம் முறை மரணம். அதே சட்டம் இன்னொன்றும் சொன்னது: தாய் அடிமை என்றால், தகப்பன் யாராக இருந்தாலும் பிள்ளையும் அடிமை. பிரசவ அறையே எஜமானின் லாபக் கணக்கில் ஒரு வரவுதான். ஆகவே மேலே ஏறிப்போய்ப் பிள்ளை பெற்ற பெண், தன் உயிரை மட்டும் காப்பாற்றிக்கொள்ளவில்லை. வயிற்றையும் அந்தக் கணக்கிலிருந்து வெளியே எடுத்துப்போனாள். ஹேவா என்ற பெண்ணும் அன்ஷேன் என்ற ஆணும் அப்படி ஓடிப்போய்ச் சலாசியில் ஒரு மலைமேல் குடும்பம் நடத்தியதாகக் கதை உண்டு. மலைக்கு அன்ஷேனின் பெயர். (யார் பெயர் நிலைக்கும் என்பதில் மட்டும் எல்லாத் தீவுகளும் ஒன்றுதான்.)

அவர்களைக் காத்தது பாதையின்மை. பாதை கண்டுபிடித்து ஏறிவந்தவர்கள் கூலிக்கு ஆள் பிடிக்கும் வேட்டைக்காரர்கள். கொன்றதற்குச் சாட்சியாக வெட்டிய கைகளைக் கீழே கொண்டுபோனார்கள். 20 டிசம்பர் 1848இல் அடிமைமுறை ஒழிந்த பிறகு, கரும்புக்கு ஆள் வேண்டும் என்று தமிழ்நிலத்திலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கூட்டம் கூட்டமாக இறக்கினார்கள். கடலோரத்தில் இன்று காணும் கோபுரங்கள் அவர்களுடைய வழிவந்தவர்களின் கோயில்கள். அந்த இருவகை மனிதர்களின் வியர்வையைச் சுற்றிக்கொண்டு, ஏசி போட்ட காரில் நான் ‘உள்நாட்டைக் கண்டறிய’ப் போகிறேன். அங்கே இருப்பவர்கள் காணப்பட விரும்பினார்களா?

அப்படியானால் சாலை வராததே விடுதலை என்று முடித்துவிடலாமா? அவ்வளவு எளிதில்லை. 1970இல் கிழக்குக் கடற்கரையின் செயின்ட் பெனுவா மருத்துவமனையில் நடந்தது அம்பலமானது. சிகிச்சைக்கு வந்த ஏழைக் கர்ப்பிணிகளுக்கு, அவர்களுடைய சம்மதம் இல்லாமல் கருக்கலைப்பும் கருத்தடை அறுவையும் செய்திருந்தார்கள். அதற்கு வேறு பெயர் எழுதி அரசுக் காப்பீட்டிலிருந்து பணமும் பெற்றிருந்தார்கள். அப்போது பிரான்சில் கருக்கலைப்பு குற்றம். 1975இல்தான் சட்டம் மாறியது. வெள்ளைப் பெண்ணுக்கு மறுத்ததைத் தீவின் கறுப்புப் பெண்ணிடம் திணித்த கதை இது. பிரான்சுவாஸ் வெர்ஜெஸ் இதைப் பற்றி 2017இல் ஒரு நூலே எழுதினார். வேட்டைக்காரன் மலையேறி வந்தான்; மருத்துவரிடம் பெண்களே வந்தார்கள், உதவி கேட்டு. மருத்துவமனைக்குப் போகச் சாலை வேண்டும்தான். ஆனால் போய்ச் சேர்ந்த இடத்தில் ‘வேண்டாம்’ என்று சொல்லும் அதிகாரத்தை எந்தச் சாலை கொண்டுவந்தது?

மஃபாத்துக்கு இன்றும் கார் போகாது. சில நூறு பேர் வாழ்கிறார்கள். எரிவாயுவும் சிமெண்டும் ஹெலிகாப்டரில் வருகின்றன. நிலம் அரசுடையது, குடியிருப்பவர்கள் குத்தகைக்காரர்கள். ‘இப்படியே சாலை இல்லாமல் இருக்கட்டும், எவ்வளவு அழகு’ என்று பயணிகள் சொல்வதைக் கேட்கும்போது எனக்கு எரிச்சல் வருகிறது. மூட்டுவலியோடு ஏறி இறங்கப்போவது அவர்களல்ல. ‘சாலை போட்டுக் கொடுத்தால் முன்னேறிவிடுவார்கள்’ என்பவர்களும் என் எரிச்சலுக்குத் தப்புவதில்லை.

சலாசிப் பக்கத்துக் கணவாயில் காரை நிறுத்திவிட்டு இரண்டு மணி நேரத்துக்கு மேல் இறங்கி நடந்தேன். லா நுவேல் என்ற சிற்றூரில், விருந்தினர் விடுதி நடத்தும் ஒரு பெண்மணியிடம், புதுச்சேரியில் கற்ற என் அரைகுறை பிரெஞ்சில் கேட்டேன்: சாலை வந்தால் உங்களுக்கு நல்லதா? விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து என்னை ஒருமுறை பார்த்தார். பதில் சொல்லவில்லை. பிற்பகலில் மூடுபனி இறங்கிவிடும், மேலே ஏற வேண்டுமென்றால் இப்போதே கிளம்புங்கள் என்றார். காபிக்குக் காசு கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.