யார் வீட்டுச் சாப்பாடு?

திருவெள்ளறைக்கு அம்மாவை அழைத்துப் போனது பெருமாளைச் சேவிக்க அல்ல, கிணற்றைக் காட்ட. பல்லவன் தந்திவர்மன் காலத்தில் கம்பன் அரையன் என்பவன் வெட்டுவித்த கிணறு அது. ஏறக்குறைய 1200 வருஷம் ஆகிறது. நாலு பக்கமும் படிகள், ஸ்வஸ்திக வடிவம். ஒரு படித்துறையில் குளிக்கிறவர் அடுத்த படித்துறையில் இருப்பவர் கண்ணில் படமாட்டார். எம்.ஏ. தமிழ் படித்த மிடுக்கில் கல்வெட்டு, பல்லவர் என்று அளந்துகொண்டிருந்தேன். அம்மா கேட்டது ஒன்றுதான்: "நம்ம சனம் எந்தப் படியில எறங்குச்சாம்?"

கல்வெட்டில் அதற்குப் பதில் இல்லை. "பசிக்குதுடா" என்றாள்.

துறையூர் ரோட்டில் கொஞ்ச தூரம் போனதும் ஏரிக்கரையோரம் ஒரு கீற்றுக் கொட்டகை. 'கிராமத்து வீட்டுச் சாப்பாடு' என்று பலகை. திருச்சியிலிருந்து காரில் வந்தவர்கள் பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். ஏரி மீன் குழம்பு, கருவாட்டுத் தொக்கு, நாட்டுக்கோழி, குடல், ரத்தப் பொரியல், முருங்கைக்கீரை, கம்பங்கூழ். ஒரு காலத்தில் ஏழ்மையின் அடையாளமாக இருந்ததெல்லாம் பலகையில் ஏறிவிட்டது. எங்கள் வீட்டு அடுப்புக்கு மேலே கொடியில் காய்ந்த மாட்டுக்கறி உப்புக்கண்டம் மட்டும் ஏறவில்லை. கிராமத்து வீடு என்றால் ஊர்த்தெரு வீடு. சேரியில் இருப்பதும் வீடுதான் என்பது பலகை எழுதியவருக்குத் தோன்றியிருக்காது.

ஆனால் ருசியைக் குறை சொல்ல முடியாது. புளி தூக்கலாக, மண்சட்டியில் கொதித்து அடங்கிய குழம்பு. முதல் கவளத்தில் நான் எல்லாவற்றையும் மறந்தேன்.

கடைக்காரரே பரிமாறினார். முப்பது முப்பத்தைந்து வயசு, சிரித்த முகம். "எந்த ஊரு?" என்றார். முசிறிப் பக்கம் என்றேன். "முசிறில எங்க?"

இந்த இரண்டாவது கேள்வி நம்மில் பலருக்குப் பழக்கம்தான். அது இடத்தைக் கேட்கிற கேள்வி அல்ல. "பஸ் ஸ்டாண்டுகிட்டத்தான்" என்று சொல்லிவிட்டேன். மேடை மேடையாகப் பேசுகிற வாய்தான் அப்படிச் சொன்னது.

அம்மா சோற்றைப் பிசைந்துகொண்டே நிமிராமல் சொன்னாள்: "காலனிப்பா. கொழம்பு இன்னுங் கொஞ்சம் ஊத்து."

ஊர்த்தெருவில் நண்டு சிண்டைக்கூட 'சாமி' என்று கூப்பிட்டு வளர்ந்தவள் அவள். களத்துமேட்டில் கூழை உயரத்திலிருந்து ஊற்ற, இரண்டு கையையும் குவித்து வாங்கிக் குடித்தவள். அந்த 'ப்பா' எத்தனை வருஷத்து நடை என்று எனக்குத் தெரியும்.

அவர் குழம்பு ஊற்றினார். சிரிப்பு அப்படியே இருந்த மாதிரிதான் இருந்தது. அப்புறம் எங்கள் இலைப்பக்கம் அவர் வரவில்லை. மறுசோறு ஒரு பையன் கொண்டுவந்தான். அவர் சாதி பார்த்தாரா, கூட்டத்தைப் பார்த்தாரா? அந்த நேரம் பார்த்து இன்னொரு வண்டி நிறைய ஆள் வந்து இறங்கியதும் உண்மை.

இந்தத் தெரியாமையைப் பற்றித்தான் எழுத வந்தேன். அவர் நல்லவர் என்றால், சோறு போட்ட மனிதரை மனசுக்குள் குற்றவாளிக்கூண்டில் ஏற்றினேன். அது அநியாயம். அவர் சாதி பார்த்தார் என்றால், என் அவமானத்தை நானே காசு கொடுத்து வாங்கித் தின்றேன். எது என்று தீராமல் என் கண் அவர் கையையே தொடர்ந்தது. யாருக்கு அவரே பரிமாறுகிறார், யாருக்குப் பையனை அனுப்புகிறார்? பக்கத்துப் பெஞ்சுக்காரர்கள் மீனைத் தின்றார்கள். நான் காவல் காத்தேன்.

சந்தேகம் என் வியாதியா? 2022 டிசம்பரில், புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்ததை விசாரிக்கப் போன அதிகாரிகள், பக்கத்து இறையூர் டீக்கடையில் இரட்டைக் குவளையையும் கண்டார்கள், வழக்குப் பதிவானது. அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்து 72 வருஷம் ஆன பிறகு இது. அதன் 15(2) பிரிவு கடையையும் பொது உணவு விடுதியையும், கிணறு குளத்தையும் ஒரே மூச்சில் சொல்கிறது. சோறும் தண்ணீரும் ஒரே சண்டைதான். 1927-ல் மகத் குளத்தில் இறங்கித் தண்ணீர் குடித்த அம்பேத்கருக்கு இதை யாரும் விளக்கியிருக்க வேண்டியதில்லை.

சட்டம் எனக்குப் பெஞ்சில் இடம் வாங்கிக் கொடுத்திருக்கிறது, அது சின்ன விஷயமல்ல. ஆனால் ருசிக்கு மனசு காவலை விட்டு இறங்க வேண்டியிருக்கிறது. அந்த அசட்டையை எந்தப் பிரிவின் கீழ் கேட்பது? 'சோத்துல என்னங்க சாதி' என்று சொல்கிறவர்கள் அந்த அசட்டையோடே பிறந்தவர்கள்.

இன்னொன்றும் உறுத்துகிறது. என் பொய் கடைக்காரரை ஏமாற்றியதோ என்னவோ, பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவை மறுபடி கொட்டகைக்கு வெளியே நிறுத்தியது. ருசி கெடக்கூடாது என்று சொன்ன பொய். அப்படியும் கெட்டது. உண்மையைச் சொன்னவளோ மூன்று முறை சோறு வாங்கினாள். அவள் எதையும் கவனிக்கவில்லை என்று முதலில் நினைத்தேன். அப்படி இருக்க முடியாது. என்னைவிட நாற்பது வருஷம் அதிகமாகக் கவனித்தவள். கவனித்துக்கொண்டே தின்னக் கற்றிருக்கிறாள். எனக்கு அது வரவில்லை.

என் இலையைப் பார்த்தாள். "மீன அப்படியே வச்சிருக்க?" என்றாள். பதிலுக்குக் காத்திராமல் எடுத்துத் தன் இலையில் வைத்து, முள்ளை நிதானமாக உருவி ஓரத்தில் ஒதுக்கினாள். அப்புறம் கடைக்காரரைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்: "மோர் இருக்காப்பா?"