பாலுங் கோலமும்

ஆண்மை யாது, பெண்மை யாது என்னும் வினா வகுப்பறையிலே எழுமாயின், உபாத்தியாயராகிய நாம் பெரும்பாலும் நன்னூலைத் திறப்போம். அன்றேற் பிரம்பை எடுப்போம். யாமும் அங்ஙனஞ் செய்தவரே. பல ஆண்டுகளின் முன் எம்மிடங் கற்ற மாணாக்கனொருவன் மெல்லிய குரலும் ஒசிந்த நடையும் உடையனாயிருந்தான். உடன்கற்போர் இழிபெயரிட்டு அவனை அழைத்தனர். யாம் அவர்களைக் கண்டியாது, ஆண்பிள்ளைபோல நடக்கப் பழகென்று அவனையே எல்லார் முன்னும் மும்முறை நடப்பித்தேம். அடுத்த தவணைக்கு அவன் வந்திலன். இடாப்பிற் பெயர் வெட்டுண்டது. அவன் தன்னை யாரென உணர்ந்திருந்தான் என்பதை யாம் ஒருகாலுங் கேட்டிலேம். நடையைக் கண்டே தீர்ப்புச் செய்தேம்.

மூன்று வேறு பொருள்களை ஒன்றாகக் குழைத்தமையே எமது பிழை. ஒருவர் தம்மை ஆணென்றோ பெண்ணென்றோ உள்ளத்தால் அறிதல் ஒன்று. உடை, நடை, குரல், கூந்தல் என்பவற்றாற் புறத்தே தோன்றுங் கோலம் மற்றொன்று. இன்னது ஆடவர் தொழில், இன்னது மகளிர் கடன் என ஊரார் வகுத்த முறை பிறிதொன்று. இவை பலரிடத்து ஒத்து நிற்றலின், ஒன்றைக் கண்டு மற்றையவற்றை அனுமித்தல் நமக்கு வழக்கமாயிற்று. புகையைக் கண்டு நெருப்பை அனுமித்தல் பொருந்தும். அவற்றிடைப் பிரியாத இயைபு உண்டு. இங்கே அவ்வியைபு இல்லை.

வீட்டிற் சமைத்தல் மகளிர் கடனென்பார், கோயில் மடைப்பள்ளியில் ஆடவர் அமுது சமைத்தலைக் கண்டு வியப்பதில்லை. 1960ஆம் ஆண்டிலே சிறிமாவோ பண்டாரநாயக்கா உலகின் முதற் பெண் பிரதம மந்திரியாயினார். ஆடவர் இருந்த இருக்கையில் அமர்ந்தமையால் அவர் பெண்ணல்லரென்று சொன்னார் இலர். கோலமும் அத்தன்மைத்தே. நாட்டுக்கூத்திலே சந்திரமதியாக விடியுமட்டும் அழுதாடிய ஆடவர், வேடங் களைந்து வயலுக்குச் செல்வார். மணிவாசகர் திருவெம்பாவையை மகளிர் கூற்றாகவே அருளினார். இத்துணையும் நாம் எளிதின் உடன்படுவோம். மறுதலையே நமக்கு அரிதாகின்றது. சேலையுடுத்த கூத்தர் ஆணே என்பது மெய்யாயின், காற்சட்டையணிந்து வாங்கில் இருக்கும் ஒருவர் தம்மைப் பெண்ணென உணர்தலை அக்காற்சட்டை எங்ஙனம் பொய்ப்பிக்கும்?

நம் இலக்கணகாரர் இதனை அறியாதவரல்லர். தொல்காப்பியர் ஆண்மை மாறினாரைக் குறிக்குஞ் சொல்லை உயர்திணையிலே வைத்தார். பவணந்தியாரோ ஆண்மை நீங்கிப் பெண்மையை விரும்புவாரைப் பெண்பாலிலும், பெண்மை நீங்கி ஆண்மையை விரும்புவாரை ஆண்பாலிலுஞ் சேர்த்தார். அவர் அளவாகக் கொண்டது விருப்பம், உடையுமன்று, தொழிலுமன்று. இவ்விருவகையாரையும் அஃறிணை போல வழங்குதலும் ஆமென்று அவரே தொடர்ந்து கூறுதலை ஓதும்போது மட்டும் எமக்கு நாக் கூசுகின்றது. அவர் வழக்கைக் கூறினாரன்றி அறங்கூறினாரல்லர் எனக் கொள்வேம்.

உயிர்க்கு ஆண் பெண் என்னும் பேதமில்லையாதலின், அப்பிள்ளைகளின் உணர்வு வெறும் மயக்கமே என்று நண்பரொருவர் எம்மை மறுத்தார். உயிர்க்குப் பாலில்லை என்பது நம் சித்தாந்தமே. ஆயின் அந்நியாயத்தால், தாம் ஆணென்னும் நண்பரது உணர்வும் மயக்கமேயாம். தம்முடையதை மெய்யென வைத்துக்கொண்டு பிறருடையதற்கு மாத்திரஞ் சித்தாந்தம் பேசுதல் நடுவுநிலையன்று.

2016ஆம் ஆண்டிலே நம் நாட்டுச் சுகாதார அமைச்சு விடுத்த சுற்றறிக்கையின்படி, வைத்தியர் ஆராய்ந்தளிக்குஞ் சான்றிதழைக் கொண்டு பிறப்புப் பதிவிற் பாலைத் திருத்திக்கொள்ள வழியுண்டாயிற்று. வகுப்பிலே ஒரு பிள்ளையை இகழாதிருத்தற்குச் சான்றிதழ் வேண்டுவதில்லை. மென்னடையுடைய பிள்ளையைப் பெண்ணென்று நாமே முடிவுகட்டுதலும் முன்னைய பிழையேயாம். அவன் தன்னை ஆணென்றே ஐயமின்றி அறிந்திருத்தல் கூடும். சொல்லவேண்டியவர் அவரே. எம் மாணாக்கனை இக்கட்டுரை முழுதும் 'அவன்' என்றே எழுதினேம். அது சரியோ என்று கேட்டறிதற்கு இப்பொழுது எமக்கு வழியில்லை.