பழைய காரும் பரலோக வீடும்



ஒருவர் தம் தகப்பனார் ஓட்டிய அம்பாசிடர் காரை விற்க மனமின்றி வேப்பமரத்தடியில் நிறுத்தி வைத்திருக்கிறார். இன்னொருவர் அதே காரின் உருவத்தை உள்ளங்கையில் அடங்கும் பொம்மையாக வாங்கி, கண்ணாடி அலமாரியில் வைத்து, ஞாயிறுதோறும் தூசி துடைக்கிறார். இவர்களைப் பார்க்கும் மூன்றாமவர், "இரும்பின்மேல் இவ்வளவு பற்று ஆகுமா? இது விக்கிரக ஆராதனைக்கு அடுத்த வீடு அல்லவா?" என்கிறார். நான்காமவரோ, "யாருக்கு என்ன நஷ்டம்? இதில் என்ன பாவம்?" என்று கேட்கிறார். போய்விட்ட ஒரு பொருளை எண்ணி ஏங்குவது கிறிஸ்தவனுக்குத் தகுமா? தகுமாயின் எம்மட்டும் தகும்? இந்த வாரம் இதனைச் சற்று நிதானமாக ஆராய்வோம்.

முதலாவது, நாம் ஏங்கும் பொருள் இன்னதென்று அறிந்து கொள்வோம். நம் நாட்டில் ஒரு தலைமுறைக் காலம் கார் என்றால் பெரும்பாலும் மூன்றே பெயர்கள்தாம். கல்கத்தாவுக்கு அருகில் உத்தரபாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனி, இங்கிலாந்து தேசத்து மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரைத் தழுவி, 1950களின் பிற்பகுதியில் அம்பாசிடரைச் செய்யத் தொடங்கியது. பம்பாயில் பிரீமியர் கம்பெனி இத்தாலியரின் பியட் காரைச் செய்தது. அதுவே 1970களில் பத்மினி என்று பெயர் பெற்றது. சென்னையின் ஸ்டாண்டர்டு கம்பெனி 1961 முதல் ஹெரால்டு காரைச் செய்தது. திண்டிவனத்திலிருந்து சென்னை செல்லும் நெடுஞ்சாலையில் பெருங்களத்தூரைக் கடக்கிறோமே, அங்கேதான் அதன் தொழிற்சாலை இருந்தது. நம் சாலையோரத்திலேயே பிறந்த கார் அது.

1983 டிசம்பரில் மாருதி வந்தது; பழைய கார்களின் காலம் சாயத் தொடங்கிற்று. ஸ்டாண்டர்டு கம்பெனி 1980களின் இறுதியில் கார் செய்வதை நிறுத்தியது. புதிய நூற்றாண்டு பிறந்ததும் பத்மினியும் நின்றது. 2014 மே மாதம் உத்தரபாராவில் வேலை நிறுத்தி வைக்கப்பட்டது. அம்பாசிடரின் கதை அதோடு முடிந்தது. 2017-ல் அம்பாசிடர் என்னும் பெயரே 80 கோடி ரூபாய்க்குப் பிரெஞ்சு தேசத்துப் பூஷோ கம்பெனிக்கு விற்கப்பட்டது.

இப்போது ஓர் உண்மையைப் பேசுவோம். நம் பக்கத்து ஊர்களில் அந்நாட்களில் சொந்தக் கார் வைத்திருந்தவர்கள் எத்தனை பேர்? மல்லாட்டை மூட்டையும் நெல் மூட்டையும் மாட்டு வண்டியில் போயின. மனிதர் நடந்தும் சைக்கிளிலும் பஸ்ஸிலும் போயினர். ஊருக்கு ஒன்றோ இரண்டோ "பிளசர்" இருக்கும். ஆயினும் கார் இல்லாத வீட்டாரும் இன்று அந்தக் காரைப் பற்றிக் கண் கலங்கப் பேசுகிறார்கள். அதற்குக் காரணம் என்ன?

ஏனெனில், அந்தக் கார் எல்லார் வாழ்விலும் ஒரு நாள் வந்து நின்றது. நள்ளிரவில் பிரசவ வேதனைப்பட்ட பெண்ணைச் செஞ்சிக்கோ திண்டிவனத்துக்கோ கொண்டுபோனது அதுவே. கலியாணப் பெண்ணும் மாப்பிள்ளையும் மாலையோடு கோவில் வாசலில் வந்து இறங்கியதும் அதிலிருந்துதான். ஞானஸ்நானத்துக்குப் பிள்ளையைத் தூக்கி வந்ததும், வேளாங்கண்ணி மாதா திருநாளுக்கு வாடகை பேசிப் போனதும் அதில்தான். அம்பாசிடரில் முன் ஆசனம் ஒரே நீளப் பலகைபோல் இருக்கும்; கியர்த் தண்டு ஸ்டியரிங் ஓரமாகவே இருந்தபடியால், டிரைவரோடு மூவர் முன்னால் உட்காரலாம். பின்னால் நால்வர், அவர்கள் மடியில் பிள்ளைகள், பிள்ளைகள் மடியில் சாப்பாட்டுத் தூக்கு. வழியில் எஞ்சின் சூடேறினால் எல்லாரும் இறங்கிப் புளியமரத்து நிழலில் நின்று, தண்ணீர் ஊற்றி, அது ஆறும்வரை கதை பேசுவார்கள்.

ஆகவே நாம் ஏங்குவது இரும்புக்காக என்று சொல்லிவிட முடியாது. முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்த அந்த நெருக்கத்துக்காக ஏங்குகிறோம். அன்று முன் ஆசனத்தில் இருந்த தகப்பனார் இன்று கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார். பின்னால் சண்டையிட்ட தம்பி எங்கோ வெளிநாட்டில் இருக்கிறான். காரைச் சொல்லுகையில் நாம் அவர்களைத்தான் சொல்லுகிறோம்.

இப்படிப்பட்ட ஏக்கத்துக்கு மேனாட்டார் வழங்கும் சொல்லுக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1688-ம் ஆண்டில் சுவிட்சர்லாந்து தேசத்துப் பாசல் நகரில் யோகான்னஸ் ஹோபர் என்னும் வைத்திய மாணவர், அன்னிய தேசங்களில் வாழ்ந்த தம் நாட்டார் ஊர் நினைவால் மெலிந்து நோயுறுவதைக் குறித்து எழுதினார். அந்நோய்க்குக் கிரேக்க மொழியிலிருந்து இரு சொற்களைச் சேர்த்து "நாஸ்டால்ஜியா" என்று பெயரிட்டார். வீடு திரும்புதல் என்பது ஒன்று. வேதனை என்பது மற்றொன்று. வீடு திரும்ப வேண்டுமென்னும் வேதனை! இந்தப் பொருளை மனதில் வைத்துக் கொள்ளுங்கள். பிறகு இதற்கு வருவோம்.

இந்த ஏக்கத்தில் இரண்டு அபாயங்கள் உண்டு. ஒன்று, அது பொய் சொல்லும். எகிப்து தேசத்தில் அடிமைகளாய்ச் செங்கல் அறுத்த இஸ்ராயேல் மக்கள், வனாந்தரத்துக்கு வந்தபின் எதை நினைத்து அழுதார்கள்? மீனையும் வெள்ளரிக்காயையும் வெங்காயத்தையும் பூண்டையும் நினைத்து அழுதார்கள். சவுக்கடியை மறந்துபோனார்கள். நாமும் அவ்வாறே. ஒரு காருக்குப் பணம் கட்டி ஆண்டுக்கணக்கில் காத்துக் கிடந்த காலம் அது. ஊரில் கார் ஒருவரிடம் மட்டும் இருந்ததால், அவர் மனம் இரங்கினால் மாத்திரமே நோயாளி ஆஸ்பத்திரி சேர்ந்த காலமும் அதுதான். அவர் வாசலில் ஏழை எவ்வளவு நேரம் நின்றான்? இன்று 108 என்று எண்ணைச் சுழற்றினால் ஏழை பணக்காரன் என்று பாராமல் ஆம்புலன்ஸ் வருகிறது. "அந்தக் காலம்போல் வருமா" என்று பேசுகையில் இதையும் நினைக்கக் கடவோம். பழைய நாட்கள் இந்நாட்களைவிட மேலாயிருந்தது ஏன் என்று கேட்பது ஞானமுள்ள கேள்வி அல்லவென்று வேதாகமமே எச்சரிக்கிறது.

மற்ற அபாயம் பற்றுதல். இதைக் குறித்து அர்ச். அகுஸ்தீன் ஓர் அழகான உவமை சொல்லியிருக்கிறார். கிறிஸ்தவப் போதனையைப் பற்றி ஏறக்குறைய 397-ம் ஆண்டில் அவர் எழுதத் தொடங்கிய நூலில் அது வருகிறது. நாம் சொந்த நாட்டை விட்டு அன்னிய நாட்டில் அலைகிறவர்கள் என்று வைத்துக் கொள்வோம். ஊர் திரும்பினாலன்றி நமக்குச் சந்தோஷம் இல்லை. அதற்காக வண்டியிலோ கப்பலிலோ ஏறுகிறோம். ஆனால் வழியின் காட்சியும் வண்டியின் ஓட்டமும் நமக்கு இனித்துப்போய், சீக்கிரம் ஊர் சேர மனமில்லாமல் போனால் என்ன ஆகும்? வண்டிக்காக வீட்டை இழந்தவர்கள் ஆவோம். ஆதலால் சில பொருள்கள் பயன்படுத்துவதற்கு உரியவை. சர்வேசுரன் ஒருவரே தமக்காகவே நேசித்து அனுபவிக்கப்பட வேண்டியவர் என்று அவர் பிரித்துக் காட்டுகிறார். மோட்டார் வண்டியை அறியாத காலத்தில் எழுதிய பரிசுத்தர், நம் காலத்துக்கென்றே எழுதியதுபோல் இருக்கிறதல்லவா!

"அப்படியானால் நினைவுப் பொருள்களை எல்லாம் எறிந்துவிட வேண்டுமோ?" என்று கேட்பீர்கள். வேண்டாம். திருச்சபை அப்படிக் கற்பிக்கவில்லை. அர்ச்சியசிஷ்டவர்களின் எலும்பையும் உடுப்பையும் சுரூபங்களையும் நாம் வணக்கத்தோடு வைத்திருக்கிறோம். 787-ம் ஆண்டில் நிசேயா நகரில் கூடிய இரண்டாம் பொதுச்சங்கம், சுரூபத்துக்குச் செய்யும் மரியாதை அச்சுரூபம் குறிக்கும் ஆளையே சென்று சேருகிறது என்று தீர்மானித்தது. தகப்பனாரின் கார் சுரூபம் அல்ல; அதற்கு மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டியதில்லை. ஆயினும் இதிலிருந்து நாம் ஓர் அளவுகோல் எடுத்துக் கொள்ளலாம். உன் நினைவு பொருளைக் கடந்து ஆளிடம் போய்ச் சேருகிறதா, அல்லது தகரத்திலேயே நின்றுவிடுகிறதா? போய்ச் சேருமானால் அது அன்பு. நின்றுவிடுமானால் அது பேராசையின் வேறொரு வேஷம்.

இனி, பொம்மைக் கார் சேர்ப்பதைப் பற்றி. இது சிறுபிள்ளைத்தனம் என்று நகைக்க வேண்டாம். லண்டனில் லெஸ்னி என்னும் சிறு கம்பெனியை நடத்தியவர்களில் ஒருவரான ஜாக் ஓடெல் என்பவருக்கு ஒரு மகள் இருந்தாள். தீப்பெட்டிக்குள் அடங்கும் விளையாட்டுச் சாமானை மட்டுமே பள்ளிக்குக் கொண்டுவரலாம் என்பது அவள் பள்ளியின் சட்டம். தகப்பன் பித்தளையில் ஒரு சின்னஞ்சிறு ரோடு ரோலரைச் செய்து தீப்பெட்டியில் வைத்துக் கொடுத்தார். அதிலிருந்தே 1953-ல் "மேட்ச்பாக்ஸ்" கார்கள் பிறந்தன என்று சொல்வார்கள். இங்கிலாந்தின் டிங்கி பொம்மைக் கார்களின் அச்சுகள் சில பின்னர் கல்கத்தாவுக்கு வந்து, "நிக்கி" என்ற பெயரில் நம் நாட்டுப் பிள்ளைகளுக்கும் கிடைத்தன. நம் பிள்ளைகளோ கடைக்குப் போகாமலே வண்டி செய்தார்கள். நுங்கு தின்ற இரண்டு பனங்காய்க் கூட்டைக் குச்சியால் இணைத்து, கவைக் கொம்பால் தள்ளிக்கொண்டு தெரு முழுவதும் ஓடினார்களே, அதுவும் மாதிரிக் கார்தான்.

சேர்ப்போர் விரும்பும் ஓர் அளவு 43-ல் ஒரு பங்கு. 4.3 மீட்டர் நீளமுள்ள அம்பாசிடர் அவ்வளவில் 10 சென்டிமீட்டராகிறது. அத்தனை சிறியதில் விளக்கையும் கதவின் கோட்டையும் பிசகாமல் தீட்ட எவ்வளவு பொறுமை வேண்டும்! மனதுக்கு இளைப்பாறுதல் வேண்டும் என்று அர்ச். தோமாஸ் அக்குவினாஸ் கற்பிக்கிறார். அர்ச். அருளப்பர் தம் சீடரோடு விளையாடுவதைக் கண்டு சிலர் இடறல்பட்டபோது, வில்லை ஓயாமல் வளைத்தால் முறிந்துபோகும், மனமும் அப்படியே என்று அவர் விளக்கிய கதையை எடுத்துக் காட்டுகிறார். ஆகவே விளையாட்டு பாவம் அல்ல. அளவு மீறுவதே பிழை. பள்ளிச் சம்பளம் கட்ட வேண்டிய பணத்தில் பொம்மை வாங்குவது பிழை. பேரப்பிள்ளை தொட்டுவிட்டான் என்று அவனை அடிப்பதும் பிழை. மாறாக, கோயம்புத்தூரில் ஜி.டி. நாயுடு பெயரால் இயங்கும் தரும ஸ்தாபனத்தார் 2015-ல் திறந்த ஜீடி கார் மியூசியத்தில் பல நாட்டுப் பழைய கார்கள் எல்லாரும் பார்க்க வைக்கப்பட்டிருக்கின்றன. பூட்டி வைத்த ஆசை ஒருவனோடு நின்றுவிடும். பகிர்ந்த ஆசை பலருக்குப் பாடமாகும்.

இவையெல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று உண்டு. கொட்டகையில் நிற்கும் தகப்பனாரின் காரால் அண்ணன் தம்பி முகம் பார்க்காத குடும்பங்கள் உண்டு. "நினைவாக வைத்திருப்பேன்" என்கிறான் ஒருவன். "எடைக்குப் போட்டுப் பங்கைக் கொடு" என்கிறான் மற்றவன். இருவரும் தகப்பனார் பேரைச் சொல்லியே வழக்காடுகிறார்கள். அவரோ அந்தக் காரில் இருவரையும் ஒன்றாக ஏற்றிக்கொண்டு போனவர்! அதைவிடக் கொடியது வேறொன்று. தகப்பனார் ஓட்டிய காரின் பொம்மையை ஹாலில் அலங்காரமாக வைத்திருப்பான், உயிரோடிருக்கும் தகப்பனாரோ திண்ணையில் தனியே உட்கார்ந்து, "சாப்பிட்டீர்களா அப்பா?" என்று எவராவது கேட்பார்களா என்று பார்த்திருப்பார். உயிருள்ளவரை மறந்து அவர் காரை நினைப்பவனின் நினைவு யாரிடம் போய்ச் சேருகிறது? அவனிடமே திரும்புகிறது.

ஆதலால் பிரியமானவர்களே, மூன்று காரியங்களைச் சொல்லி முடிக்கிறேன்.

முதலாவது, பழைய காரை வைத்திருக்க வசதியும் இடமும் இருந்தால் ஒழுங்காக வைத்திருங்கள். 15 ஆண்டு கடந்த சொந்தக் காருக்குப் பரிசோதனை செய்து பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 50 ஆண்டு கடந்து, பெரிதும் மாற்றம் செய்யாத கார்களைப் புராதனக் கார்களாகப் பதிய 2021-ல் விதி வந்திருக்கிறது. அவற்றை அன்றாட ஓட்டத்துக்கோ வாடகைக்கோ பயன்படுத்தலாகாது. வசதி இல்லையெனில் மனச்சமாதானத்தோடு கொடுத்துவிடுங்கள். கார் போவதால் தகப்பனார் போய்விட மாட்டார்.

இரண்டாவது, அதனால் சகோதரரோடு வழக்கு இருந்தால், கார் இருக்கட்டும், விற்கட்டும், முதலில் சகோதரனோடு ஒப்புரவாகுங்கள். காணிக்கையைப் பீடத்தருகே வைத்துவிட்டுப் போய்ச் சமாதானமாகச் சொன்ன சேசுநாதர், காரை ஒரு காரணமாக ஏற்றுக்கொள்ள மாட்டார்.

மூன்றாவது, அலமாரியில் உள்ள பொம்மைக் காரை எடுத்துத் துடைக்கும்போதெல்லாம், அதை ஓட்டியவரின் ஆத்துமத்துக்காக ஒரு பரலோக மந்திரமும் ஒரு அருள்நிறை மந்திரமும் சொல்லுங்கள். பிள்ளைகளைக் கூப்பிட்டு, "இதில்தான் உன் தாத்தா எங்களைப் பூசைக்கு அழைத்துப் போவார்" என்று சொல்லுங்கள். வாடகைக் கார் ஓட்டி உங்கள் தாயை நேரத்துக்கு ஆஸ்பத்திரி சேர்த்த டிரைவரையும் மறவாதீர்கள். அவர் உயிரோடிருந்தால் ஒரு நாள் போய்ப் பாருங்கள்.

வீடு திரும்ப வேண்டுமென்னும் வேதனை என்று அந்த வைத்திய மாணவர் பெயரிட்டது எவ்வளவு பொருத்தம்! எல்லாரும் ஒரே வண்டியில் நெருங்கி உட்கார்ந்து, ஒருவரும் குறையாமல், சிரித்துக்கொண்டு வீடு போய்ச் சேரவேண்டும் என்ற ஆசையை நம் இருதயத்தில் வைத்தவர் சர்வேசுரனே. அதைப் பின்னால் திரும்பித் தேடினால் துருப்பிடித்த தகரம்தான் அகப்படும். முன்னால் பிதாவின் வீட்டில் அநேக இடங்கள் உண்டென்று ஆண்டவர் வாக்களித்திருக்கிறார். அங்கே நமக்கு முன் போனவர்கள் நமக்காகக் காத்திருக்கிறார்கள்.

சேசுநாதரின் சமாதானம் உங்கள் குடும்பங்களில் நிலைப்பதாக.

உங்கள் பங்குச் சுவாமியார்